பதினேழும் பதினேழும்

அன்புள்ள ஐயா,

தலைமை மாறுவதால் மட்டும் ஓர் அமைப்பு மாறிவிடாது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதை இரவு உணவின்போது வீட்டில் சொன்னேன். ஐஸ் ஹாக்கியே கதியென்று இருக்கும் என் மகன் உடனே மறுத்தான். 2018-19 பருவத்தில் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி பாதி வழியில் பயிற்சியாளரை மாற்றியது, கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி அதே பருவத்தில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது என்றான். 2009இலும் 2016இலும் பிட்ஸ்பர்க், 2012இல் லாஸ் ஏஞ்சலிஸ் என்று முன்னுதாரணங்களையும் அடுக்கினான். புளூஸில் பொறுப்பேற்ற அந்தப் பயிற்சியாளர் கிரெய்க் பெரூபி 2024இல் எங்கள் டொராண்டோ அணிக்கு நியமிக்கப்பட்டவர் என்பதால் வீட்டில் அவர் பெயருக்கு மதிப்பு அதிகம். உங்கள் கருத்து இங்கே பொருந்தவில்லையே?

ஆர்.,
ஸ்காபரோ

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகன் சொன்ன தகவல்கள் எல்லாமே சரியானவை. அந்தப் பருவத்தை நான் ஆட்டத்துக்கு ஆட்டம் பின்தொடர்ந்தவன். ஆகவே என் கருத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கும்படி நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சியே. என் கட்டுரையில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திருத்தம் உங்கள் மகன் காட்டும் இடத்தில் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2018 நவம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அணியிடம் 2-0 என்று தோற்ற இரவில் புளூஸின் பயிற்சியாளர் மைக் யோ நீக்கப்பட்டார். அவர் பொறுப்பில் அணி 19 ஆட்டங்களில் 7 வெற்றி, 9 தோல்வி, கூடுதல் நேரத்தில் 3 தோல்வி கண்டிருந்தது. வெற்றிக்கு இரண்டு புள்ளி, கூடுதல் நேரத் தோல்விக்கு ஒரு புள்ளி என்பதால் மொத்தம் 17 புள்ளிகள். தற்காலிகப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பெரூபியின் முதல் 18 ஆட்டங்களில் 8 வெற்றி, 9 தோல்வி, கூடுதல் நேரத்தில் 1 தோல்வி. கூட்டிப் பாருங்கள், அதுவும் 17 புள்ளிகள்தான். அணி 31 அணிகளில் கடைசி இடத்தில் இருந்தது 2019 ஜனவரி 3 காலையில், அதாவது பெரூபி பொறுப்பேற்று ஆறு வாரங்களுக்குப் பிறகு. பயிற்சியாளர் மாறினார், அணி எழுந்தது என்று நாம் சொல்லும்போது இந்த ஆறு வாரங்களை விழுங்கிவிடுகிறோம். எனக்கோ அந்தப் பருவத்திலேயே மிக முக்கியமான பகுதி அதுதான்.

அந்த ஆறு வாரங்களில் நடந்தவை வெளியே அழகாகத் தெரியவில்லை. டிசம்பர் 10 அன்று பயிற்சியின்போது ராபர்ட் போர்ட்டுஸோவும் சாக் சான்ஃபோர்டும், ஒரே அணிக்காரர்கள், கையுறைகளைக் கழற்றிவிட்டு அடித்துக்கொண்டார்கள். அந்தக் காணொளி ஊரெங்கும் பரவியது. சிதறிப்போன அணி என்றுதான் அதைப் பார்த்தவர்கள் எண்ணினார்கள், நானும் அப்படித்தான் எண்ணினேன். பெரூபியோ அன்றாடம் ஒன்றையே செய்துகொண்டிருந்தார். ஆல்பர்ட்டா மாகாணத்தில் கலாஹூ என்னும் சிற்றூரில் பிறந்த அவர் 1,054 ஆட்டங்கள் ஆடி, 61 கோல்களும் 3,149 நிமிடத் தண்டனையும் ஈட்டியவர். அதாவது விதிமீறலுக்குத் தண்டனைப் பெட்டியில் உட்காரவைக்கும் கணக்கில் ஐம்பத்திரண்டு மணி நேரத்துக்கும் மேல். அப்படிப்பட்டவர் ஆர்ப்பாட்டமாகச் சத்தம் போட்டு அணியைத் தட்டியெழுப்பியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் செய்தது ஆட்டத்தை எளிமையாக்கியதுதான்.

அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டியதும் அந்தக் கருநிற ரப்பர் வட்டை வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல், எதிரணியின் மூலைக்கு ஆழமாகத் தள்ளிவிட வேண்டும். அதை எடுக்கத் திரும்பும் தடுப்பாட்டக்காரரை முதல் முன்கள வீரர் பலகைச் சுவரோடு சேர்த்து மோதிப் பிடிக்க, இரண்டாமவர் உதிரும் வட்டைப் பொறுக்க, மூன்றாமவர் எதிரணி தப்பும் வழியை மறித்து மேலே நிற்க வேண்டும். முக்கால் நிமிடம் இப்படி உழைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினால், அடுத்த மூவர் அதையே தொடர வேண்டும். ஒரு தடவை பார்த்தால் இதில் ஒன்றுமில்லை. ஆனால் நாற்பதாவது தடவை மூலைக்குத் திரும்பும்போது அந்தத் தடுப்பாட்டக்காரரின் தோள் தயங்குகிறது, அவர் வட்டைப் பார்ப்பதற்கு முன் பின்னால் வருபவரைப் பார்க்கிறார், அந்த அரை நொடியில்தான் கோல் பிறக்கிறது. இந்த முறைக்கு, மூவர் மூவராக மாறி மாறி இறங்கும் நான்கு வரிசைகளும் ஒரே அளவு உழைக்க வேண்டும். அணியின் மூத்தவர்களில் ஒருவரும் நல்ல ஊதியம் பெற்றவருமான அலெக்சாண்டர் ஸ்டீன், இவான் பார்பஷேவ், ஆஸ்கர் சுன்ட்குவிஸ்ட் என்ற இளையவர்களோடு, வழக்கமாகக் குறைந்த நேரமே ஆடும் நான்காவது வரிசையில் ஆட இறங்கினார். அந்தப் பருவத்தின் அடையாளமாக ஒரே காட்சியைச் சொல்லச் சொன்னால், கோப்பையைத் தூக்கிய காட்சிக்கு முன்பாக நான் இதைத்தான் சொல்வேன். ஒரு மூத்தவர் தன் இடத்தைக் குறைத்துக்கொண்ட அறையில் இளையவர் எவரும் நேரம் போதவில்லை என்று முணுமுணுக்க முடியாது.

பெரூபியைப் புதியவர் என்று சொல்வதிலும் ஒரு பிழை இருக்கிறது. 2017 முதலே அவர் அதே அணியின் துணைப் பயிற்சியாளர், யோ நின்ற அதே இருக்கைக்குப் பின்னால் நின்றவர். அதற்கு முந்தைய பருவத்தில் புளூஸின் இளநிலை அணியான சிகாகோ வுல்வ்ஸின் தலைமைப் பயிற்சியாளர். அங்கே அவருக்குக் கீழே ஆடிய கோல்கீப்பர்களில் ஒருவர் ஜோர்டன் பின்னிங்டன்.

பின்னிங்டனின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. பருவத் தொடக்கத்தில் அவர் அமைப்பின் வரிசையில் நான்காவது கோல்கீப்பர். முந்தைய ஆண்டு அவருக்குச் சொந்த அமைப்பில் இடமில்லாமல், பாஸ்டன் புரூயின்ஸின் இளநிலை அணியான பிராவிடன்ஸுக்குக் கடனாக அனுப்பப்பட்டிருந்தார். 2019 ஜனவரி 7 அன்று, பெரூபி முன்பு ஆடியதும் பின்பு பயிற்றுவித்து நீக்கப்பட்டதுமான பிலடெல்பியாவில், முதன்முறையாகத் தொடக்கம் முதலே கோல்முன் நின்ற அவர் ஒரு கோலும் விடவில்லை. அணி 3-0 என்று வென்றது. அதற்குப் பின் பிப்ரவரியில் முடிந்த தொடர் வெற்றிகள் பதினொன்று, அந்த அணியின் வரலாற்றில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஜனவரி 3 முதல் ஆடிய 45 ஆட்டங்களில் 30 வெற்றி, 10 தோல்வி, கூடுதல் நேரத்தில் 5 தோல்வி.

ஆகவே, எழுச்சி பயிற்சியாளரால் வந்ததா, கோல்கீப்பரால் வந்ததா என்ற கேள்வி எழுவது இயல்பு. ரையன் ஓ'ரைலியை 2018 ஜூலையில் பஃபலோவிடமிருந்து வாங்கிய பொது மேலாளர் டக் ஆர்ம்ஸ்ட்ராங்கையும் இதில் சேர்த்தாக வேண்டும். கடைசி இடத்தில் கிடந்தபோதும் அது திறமையற்ற அணி அல்ல. தடுப்பாட்டம் ஒழுங்குபடாமல் இருந்திருந்தால் பின்னிங்டன் ஓர் இரவு வியப்பாகவே முடிந்திருப்பார் என்பது என் எண்ணம். சரியான இடத்தில் நிற்கும் ஐவருக்குப் பின்னால்தான் ஒரு புதுமுகக் கோல்கீப்பர் நாற்பத்தைந்து ஆட்டக் காலம் தாக்குப்பிடிக்க முடியும். ஐவரை அந்த இடங்களில் நிற்கப் பழக்கியவை பலன் தெரியாத அந்த ஆறு வாரங்கள். இந்த இடத்தில்தான் என் கட்டுரையைத் திருத்திக்கொள்கிறேன். தலைமை மாற்றம் பயனற்றது என்ற தொனி அதில் இருந்தது, அது தவறு. மாற்றத்தின் பலனை மாறிய நாளில் தேடக்கூடாது என்று மட்டுமே நான் எழுதியிருக்க வேண்டும். பலன் இல்லை என்று பதறி ஆறாவது வாரத்தில் வேறு முறைக்குத் தாவாமல் இருந்ததற்கு பெரூபிக்கும், தாவும்படி அவரை நெருக்காமல் இருந்ததற்கு ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் நாம் மதிப்பளிக்க வேண்டும். பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலிஸ் உதாரணங்களைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் பருவ நடுவே பயிற்சியாளரை மாற்றி எதையும் வெல்லாத அணிகளை நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதை மகனிடம் சொல்லுங்கள்.

அந்தப் பொறுமை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது மே மாதம் தெரிந்தது. இறுதிக்கு முந்தைய சுற்றில், சான் ஹோசேக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் டிமோ மையர் கையால் தட்டிவிட்ட வட்டு எரிக் கார்ல்சனின் கோலாக முடிந்தது. விதிப்படி அது செல்லாது, ஆனால் நடுவர்கள் எவரும் கவனிக்கவில்லை, காணொளியில் சரிபார்க்க அன்றைய விதிகளில் இடமும் இல்லை. அந்த விதி அடுத்த பருவத்தில் மாற்றப்பட்டது. தொடரில் 2-1 என்று பின்தங்கிய புளூஸ், அந்த அநீதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் அடுத்த மூன்று ஆட்டங்களையும் 2-1, 5-0, 5-1 என்று வென்றது. 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளும் இறுதிக்கு வந்து ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் திரும்பிய அணி, 49 ஆண்டுகளுக்குப் பின் மறுபடி இறுதிக்கு வந்தது.

பெரூபியின் பிற்கால வாழ்வையும் மறைக்க வேண்டாம். அதே அணி, அதே பின்னிங்டன் கோல்முன் நிற்க, 2023 டிசம்பரில் அவரை நீக்கியது. டொராண்டோவில் அவருடைய முதல் பருவம் 52 வெற்றி, 108 புள்ளிகளோடு பிரிவில் முதலிடத்தில் முடிந்தது. பின்பு இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், சொந்த அரங்கிலேயே புளோரிடாவிடம் 6-1 என்று தோற்றது. அந்த இரவு உங்கள் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 1967க்குப் பின் கோப்பை காணாத ஓர் ஊரில் ஒரு பருவத்தைக் கொண்டு அவரை அளக்க எனக்கு மனமில்லை.

மகனுக்கு ஒரு வேண்டுகோள். 2019 ஜூன் 12 அன்று பாஸ்டனில் நடந்த, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் முதல் இருபது நிமிடங்களை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்டன் 12 முறை கோலை நோக்கி அடிக்கிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை. புளூஸ் அடித்தது நான்கே முறை. அதில் ஒன்றை ஓ'ரைலி மட்டை நுனியால் திசைதிருப்பி உள்ளே விடுகிறார். பிறகு எட்டு நொடிகள் மட்டும் மிச்சமிருக்கையில் பாஸ்டனின் பிராட் மார்ஷண்ட் ஆள் மாற்றத்துக்காக இருக்கைக்குத் திரும்புகிறார், அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்துக்குள் புளூஸ் அணித் தலைவர் அலெக்ஸ் பியட்ராஞ்சலோ நழுவி வந்து இரண்டாவது கோலைப் போடுகிறார். மூன்றாம் பகுதியில், 4-1 என்று முடிந்த அந்த ஆட்டத்தின் நான்காவது கோலை அடித்தவர் யாரென்றும் கவனிக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் பயிற்சித் தளத்தில் கையுறை கழற்றிய அதே சாக் சான்ஃபோர்ட்.