கேளுங்கள் சொல்கிறோம்: புதுச்சேரியின் வாசல்கள் எங்கே?

செஞ்சிக் கோட்டையில் 'புதுச்சேரி வாசல்' என்று ஒன்று இருக்கிறது. நம் புதுச்சேரியில் மட்டும் ஏன் ஒரு கோட்டை வாசல்கூட இல்லை?
- வாசகர், முத்தியால்பேட்டை

இருந்தன ஐயா, ஒன்றல்ல, பல. வடக்கே சென்னை வாசல், வடமேற்கே வழுதாவூர் வாசல், மேற்கே வில்லியனூர் வாசல், தெற்கே கடலூர் வாசல். எந்த ஊருக்குப் போகும் சாலை அங்கிருந்து கிளம்புகிறதோ அந்த ஊர்ப் பெயர்தான் வாசலுக்கு. செஞ்சியின் கிழக்கு மதிலில் நம் ஊர்ப் பெயர் இருப்பதும் இதே கணக்கில்தான். ஆனந்தரங்கப்பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பைப் புரட்டினால் இந்த வாசல்கள் அடிக்கடி கண்ணில் படும்.

அந்த வாசல்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1760 நவம்பர்தான் ஞாபகம் வரும். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார், உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருக்கிறது, உடனே பிரெஞ்சுத் தளபதி லாலி என்ன செய்தார் தெரியுமா? ஊரில் மிச்சமிருந்த நம் சனங்கள் சுமார் 1,400 பேரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, மதிலுக்கு வெளியே துரத்திவிட்டார். எதிர்ப்பக்கம் போனால் ஆங்கிலேயர் விடவில்லை. திரும்பி வந்தால் சொந்த ஊர் வாசலே திறக்கவில்லை. எட்டு நாள் இரண்டு படைகளுக்கும் நடுவே வெட்டவெளியில், புல்லின் வேரைத் தோண்டித் தின்று கிடந்திருக்கிறார்கள், அதற்கப்புறம்தான் கூட் வழிவிட்டார். கோட்டையின் கதை என்றால் தளபதிகளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம், இந்த 1,400 பேரில் ஒருவர் பெயரும் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. இதை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும்.

1761 ஜனவரி 16இல் ஊர் விழுந்தது. ஆனந்தரங்கப்பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்பு காலமாகிவிட்டார். 1758இல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த தங்கள் கோட்டையை லாலி இடித்ததற்குப் பழிவாங்குவதுபோல, ஆங்கிலேயர் இங்கே மதில், கோட்டை, வீடுகள் எல்லாவற்றையும் தகர்த்தார்கள். 1765இல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள், 1778 முற்றுகையில் அதுவும் போயிற்று. கடைசியாக 1814 பாரிஸ் உடன்படிக்கை, இந்தியாவில் பிரான்ஸ் எந்த அரணும் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. சரி, அப்புறம் வாசல் எதற்கு? மதில் இருந்த கோட்டில்தான் இன்று அண்ணா சாலை, சர்தார் படேல் சாலை, சுப்பையா சாலை எல்லாம் ஊரைச் சுற்றி ஓடுகின்றன. பீச் ரோட்டையும் சேர்த்து ஒரு ஞாயிறு காலை நடந்து பாருங்கள், பழைய ஊர் எவ்வளவு சின்னது என்பது காலுக்கே தெரிந்துவிடும். உங்கள் முத்தியால்பேட்டை அந்த மதிலுக்கு வெளியே!

செஞ்சிக்கு மறுபடி போனால் ராஜகிரி ஏறி இறங்கியதோடு திரும்பிவிடாதீர்கள். கீழே வேங்கடரமணர் கோயிலையும் புதுச்சேரி வாசலையும் நிதானமாகப் பாருங்கள். 1750 முதல் 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது அங்கிருந்து பெயர்த்து வந்த கருங்கல் தூண்கள்தான் நம் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபம் பழைய கோட்டை வாசல் என்கிறாரே என் மாமா, சரியா?
- வாசகி, லாஸ்பேட்டை

இல்லை அம்மா. பூங்கா இருக்கும் பகுதியில் பிரெஞ்சுக் கோட்டை இருந்தது உண்மை. ஆனால் மண்டபம் அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது, மூன்றாம் நெப்போலியன் காலம். முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக, தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயியின் பெயரில் கட்டியது.

கடலூரில் 'குண்டு கிராமங்கள்' என்று சொல்கிறார்களே, குண்டு விழுந்து அழிந்த ஊர்களா?
- வாசகர், மஞ்சக்குப்பம்

அழிந்தவை அல்ல, விலைபோனவை. 1690இல் செஞ்சியில் இருந்த மராத்திய அரசர் ராஜாராமிடம் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. சென்னையிலிருந்த கம்பெனி அதிகாரிகள் நல்ல பீரங்கியாகவும் கைதேர்ந்த பீரங்கிக்காரராகவும் பார்த்து ஏற்பாடு செய்தார்கள். குண்டுகள் விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குத்தான் அந்தப் பெயர். அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.