ரேஷன் பட்டியலும் வாக்குச்சீட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்நியப் படை இறங்கிய மண்ணில் ஜனநாயகம் வேர்பிடிக்காது என்று எழுதியிருந்தீர்கள். ஜப்பான்? ஏழே ஆண்டு ஆக்கிரமிப்பு, இன்றுவரை தேர்தல் நின்றதில்லை. ஈராக்கிலும் சதாம் போனபிறகு வாக்குப்பெட்டி வழியாகத்தானே ஆட்சி மாறுகிறது?

முகுந்தன்

அன்புள்ள முகுந்தன்,

ஜப்பானில் அமெரிக்கப் படை கால்வைத்த 1945இல் அங்கே நாடாளுமன்றத்துக்கு 55 வயது. 25 வயது நிரம்பிய ஆண்களுக்கு 1925இலேயே வாக்குரிமை வந்துவிட்டது. ஆக்கிரமிப்புப் படைத் தளபதி மெக்ஆர்தர் ராணுவத்தைக் கலைத்தார், ஆனால் பேரரசரையும் அமைச்சகங்களையும் வைத்துக்கொண்டு அவர்கள் வழியாகவே உத்தரவிட்டார். 1946 ஏப்ரலில் பெண்கள் முதன்முறை வாக்களித்து 39 பெண்கள் வென்ற தேர்தலை நடத்தியதும் ஜப்பானிய அதிகாரிகள்தான்.

ஈராக்கில் செய்தது நேர்மாறு. 2003 மே 16இல் ஈராக்கை ஆள அமெரிக்கா அனுப்பிய நிர்வாகி பால் பிரெமரின் முதல் உத்தரவு சதாமின் பாத் கட்சியின் மேல் நான்கு அடுக்கினரை அரசு வேலையிலிருந்து நீக்கியது. வேலைக்காகக் கட்சியில் சேர்ந்திருந்த பள்ளி ஆசிரியர்கள்கூட ஆயிரக்கணக்கில் வீட்டுக்குப் போனார்கள். ஒரே வாரத்தில் இரண்டாவது உத்தரவு, ராணுவம் கலைப்பு. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் சம்பளமில்லாமல் தெருவில் நின்றார்கள். போராட்டம் வெடித்தபிறகுதான் உதவித்தொகை அறிவித்தார்கள்.

தேர்தலுக்கு வருவோம். அதைக் கேட்டது வாஷிங்டன் அல்ல என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2003 நவம்பரில் பிரெமர் ஒப்புக்கொண்ட திட்டத்தில் 18 மாகாணங்களிலும் பொறுக்கியெடுக்கப்பட்ட குழுக்கள் கூடி இடைக்காலச் சபையை நியமிக்கும், மக்கள் வாக்கு கிடையாது. நஜாஃப் நகரிலிருந்து ஷியா மதத்தலைவர் அயதுல்லா சிஸ்தானி மறுத்தார். 2004 ஜனவரியில் பஸ்ராவிலும் பாக்தாதிலும் பல்லாயிரம் பேர் தேர்தல் கேட்டு ஊர்வலம் போனார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

தேர்தலுக்குக் கெடு 2005 ஜனவரி 31. நம்பத்தகுந்த புதிய மக்கள்தொகைக் கணக்கு இல்லை. கையில் இருந்த ஒரே முழுப் பட்டியல் ரேஷன் பட்டியல். அதைத்தான் வாக்காளர் பட்டியலாக்கினார்கள். 2004 நவம்பரில் மாவும் எண்ணெயும் வாங்கப்போன குடும்பத்தின் கையில் ரேஷன் முகவர் பதிவுப் படிவத்தையும் கொடுத்தார். பெயர், பிறந்த ஆண்டு சரிதானா என்று பார்க்கவேண்டும், பிழையிருந்தால் ஆறு வாரத்துக்குள் பதிவு மையத்துக்குப் போய்த் திருத்தவேண்டும். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது, ஏனென்றால் ஈராக்கியர் ஏற்கெனவே நம்பிய ஒன்றின் மேல் அது நின்றது. ஆனால் சண்டை நடந்த, சன்னிகள் பெரும்பான்மையான அன்பார் மாகாணத்தில் மையங்களையே திறக்க முடியவில்லை.

கேடு விளைந்தது தொகுதியில். எல்லை வகுக்க நேரமில்லை என்று நாடு முழுவதையும் 275 இடங்கள் கொண்ட ஒரே தொகுதியாக்கினார்கள். மாகாணவாரித் தொகுதி இருந்தால் அன்பாரில் நூறு பேரே வாக்களித்தாலும் அதன் இடங்கள் அதற்கே சேரும். ஒரே தொகுதியில், வாக்களிக்காத ஊரின் இடம் வாக்களித்த ஊருக்குப் போய்விடும். சன்னி கட்சிகள் புறக்கணித்தன, அன்பாரில் பதிவான வாக்கு சுமார் 2 சதவீதம். அந்தச் சபைதான் அரசியல் சாசனம் எழுதியது. ஆறு மாத அவகாசம் கேட்க இடைக்காலச் சட்டம் இடம் தந்தும் கேட்கவில்லை, அவசரப்படுத்தியது அமெரிக்கா. 2005 அக்டோபர் வாக்கெடுப்பில் மூன்று மாகாணங்கள் மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்தால் சாசனம் விழும். அன்பாரும் சலாஹுத்தீனும் அந்த அளவைத் தாண்டின. நினிவேயில் பாதிக்குமேல் எதிர்ப்பு, ஆனால் மூன்றில் இரண்டை எட்டவில்லை. சாசனம் நிறைவேறியது. அதை நிராகரித்த ஊர்கள் அடுத்த ஆண்டுகளில் பற்றி எரிந்தன.

2005 டிசம்பர் தேர்தலில் மாகாணத் தொகுதிகள் வந்தன. அதற்குள் கட்சிகள் மதப் பிரிவு, இனக் கணக்கில் பதவி பிரித்துப் பழகிவிட்டன. 2003 ஜூலையில் பிரெமர் அமைத்த 25 பேர் கொண்ட ஆட்சிக்குழுவிலேயே அந்தக் கணக்கு இருந்தது: ஷியா 13, சன்னி அரபு 5, குர்து 5, துருக்மேன் 1, கிறிஸ்தவர் 1. 2019 அக்டோபரில் பாக்தாத் தஹ்ரீர் சதுக்கத்தில் இளைஞர்கள் “எங்களுக்கு ஒரு தாய்நாடு வேண்டும்” என்று நின்றது இதற்கு எதிராகத்தான். நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் போராடிப் பெற்றது 83 சிறு தொகுதிகள், 2021 தேர்தல் அப்படி நடந்தது. 2023இல் பெரிய கட்சிகள் அந்தச் சட்டத்தை மாற்றி, மாகாணம் ஒரு தொகுதி என்ற பழைய முறைக்கே போய்விட்டன.