ஏற்காட்டில் இறங்கும்போது கால் பிசகிவிட்டது, தொடை வலிக்கிறது, கை விரலும் மரத்துப்போகிறது. சுளுக்கு எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

முந்தாநாள் நண்பர்களோடு ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை நடந்தே இறங்கியதாகவும், கடைசி இறக்கத்தில் வலது பாதம் உள்பக்கமாக மடங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கணுக்காலின் வெளிப்புறம் வீக்கம். இரண்டு தொடையிலும் வலி. அதோடு, சில மாதங்களாகவே இரவில் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. அம்மா சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போகிறேன் என்கிறார், போகலாமா, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குள் மறுபடி மலையில் நடக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவன் இல்லை. சேலத்தில் குகை என்ற பகுதியில் பிறந்து, இருபத்தாறு ஆண்டுகள் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்தவன். நீங்கள் சொல்லும் மூன்றும் எனக்கு வந்திருக்கின்றன. மூன்றுக்கும் முதலில் தவறான காரியத்தையே செய்திருக்கிறேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். கால் மடங்கினாலும் சுளுக்கு, காலையில் கழுத்து திரும்பாவிட்டாலும் சுளுக்கு, குடம் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டாலும் சுளுக்கு. பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. விளக்கெண்ணெய் விட்டு நீவுவது, புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவது, கால் முன்னால் வந்து பிறந்தவரைத் தேடிப்பிடித்து அவர் காலால் தடவச் சொல்வது. கழுத்துச் சுளுக்குக்குத் தலையணையை வெயிலில் போடச் சொன்ன என் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு நாளில் தானாகவே விடும் பிடிப்புக்கு அதைவிடக் கெடுதல் இல்லாத வைத்தியம் கிடையாது. ஆனால் அடிபட்டது ஜவ்வா, தசையா, நரம்பா என்று பாராமல் மூன்றையும் ஒரே கையால் நீவும்போதுதான் வினை வருகிறது.

முதலில் கணுக்கால். பாதம் உள்பக்கம் மடங்கும்போது வெளிப்பக்கத்து எலும்பு முனையையும் பாதத்தையும் பிணைத்திருக்கும் ஜவ்வு இழுபடுகிறது. சில இழைகள் அறுந்தும் போகின்றன. நரம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது என்பார்களே, அப்படி எதுவும் அங்கே நடப்பதில்லை. ஏறாததை எப்படி இறக்குவது? 2003-இல் எனக்கு இதே போல் மடங்கியபோது, ஒருவர் எண்ணெய் தடவிப் பாதத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். டக் என்று சத்தம் கேட்டது. சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அன்றிரவு கால் பரங்கிக்காய் போல ஆகிவிட்டது. அறுந்த இடத்தில் கசியும் இரத்தத்தை முதல் இரண்டு மூன்று நாள் சூடும் அழுத்தமும் கொடுத்து அதிகமாக்கியதுதான் நாங்கள் செய்த வைத்தியம்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது எலும்பு முறிந்திருக்கிறதா என்பதை. இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் ஓர் எளிய விதியை வகுத்தார்கள். கணுக்காலின் இருபக்க எலும்புப் புடைப்புகளின் நுனியையும், அங்கிருந்து மேலே ஆறு சென்டிமீட்டர் வரை அவற்றின் பின்விளிம்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவில் துருத்தும் எலும்பையும், உட்பக்கம் பாதவளைவின் மேலே உள்ள எலும்பையும் அழுத்துங்கள். சதையில் வலிக்காமல் எலும்பிலேயே சுள்ளென்று வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் இப்போதும் நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் ஜவ்வுதான். முறிவு என்று தெரிந்த பிறகும் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கட்டிய பிறகு விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ கட்டை அந்த நிமிடமே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

ஐஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பிற்காலத்தில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் பேச்சை மாற்றிக்கொண்டார். ஆகவே வலி குறைய வேண்டுமென்றால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், அதற்கு மேல் அதில் மகிமை இல்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஐஸ் பக்கமே போக வேண்டாம். கிரேப் பேண்டேஜை விரல் பக்கம் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். உட்காரும்போது காலை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வையுங்கள்.

ஓய்வு இரண்டு நாள் போதும். மூன்றாம் நாளிலிருந்து வலி தாங்கும் அளவுக்குக் காலை அசைக்கத் தொடங்க வேண்டும். எனக்கு இயன்முறை மருத்துவர் சொன்ன பயிற்சி, கட்டிலில் உட்கார்ந்தபடி கால் பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதுவது. இங்கிலீஷ் எழுத்தை எழுதச் சொன்னார், நான் தமிழில் எழுதினேன். கோடு கோடாக நிற்கும் ஆங்கில எழுத்தைவிட நம்முடைய 'ஞ'வும் 'ணை'யும் கணுக்காலை நன்றாகச் சுழற்றுகின்றன என்பது என் கண்டுபிடிப்பு.

இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றி, நடக்கவும் வந்துவிடும். எல்லோரும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். அடுத்த மூன்று வருடத்தில் அதே கால் மூன்று முறை மடங்கியது. ஒரு முறை பழைய பஸ் நிலையத்தில், சமதரையில். காரணம், ஜவ்வு வெறும் கயிறு அல்ல. கால் சரிகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. ஜவ்வு அறும்போது அந்தச் செய்தியும் மந்தமாகிறது. அதைத் திருப்பிப் பழக்க எளிய வழி ஒற்றைக் காலில் நிற்பது. பல் துலக்கும்போது அடிபட்ட காலில் முப்பது நொடி. அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு, சுவர் பக்கத்தில். அதன் பிறகு மடித்த தலையணையின்மேல். இரண்டு மாதம் இதைச் செய்தேன். அதற்குப் பிறகு கால் மடங்கவில்லை.

தொடை வலி வேறு சங்கதி, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். மலை ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டியிருக்கிறது. பிரேக் பிடித்தபடி வண்டி இறங்குவது போல. அந்த நீட்சியில்தான் தசை நுண்ணியதாகச் சேதப்படுகிறது, வலி மறுநாள் தொடங்கி மூன்றாம் நாள் வரை உச்சத்தில் இருந்துவிட்டு வற்றும். லேசாக நடப்பதுதான் மருந்து. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊரிலிருந்து சமவெளிக்கு ஒரே மூச்சில் இறங்கினால் யாருக்கும் வலிக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இப்படிப்பட்ட நடைக்குப் பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது சிதைந்த தசையின் கழிவு, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அன்றே மருத்துவமனை போக வேண்டும். கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போல் திடீரென்று உணர்ந்து, அதன் பிறகு குதிகாலைத் தூக்கி நிற்க முடியாமல் போவதும் அப்படியே. அங்கே கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் குதிநாண் அறுந்திருக்கலாம், நீவிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி கை விரல். உண்மையில் உங்கள் கேள்வியில் நான் பயந்தது இதைப் படித்துத்தான். நீங்களோ கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. பட்டறையில் நாள் முழுவதும் குறட்டைப் பிடித்துக் கம்பியை வளைப்பேன். பகலில் ஒன்றும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு விரல்களில் எறும்பு ஊர்ந்து விழிப்பு வரும், கையை உதறினால் அடங்கும். மருந்துக்கடையில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லாமல் பத்து வைட்டமின் ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு வருடம் போனது. தட்டுவடை செட் சாப்பிடும்போது கையிலிருந்து நழுவியது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினேன். ஒருநாள் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் பார்த்தபோது வலது கட்டைவிரலின் அடிச்சதை குழி விழுந்திருந்தது.

மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே ஒரு குறுகிய குகை இருக்கிறது. (எங்கள் குகைத் தெருக்களும் அதே அளவுக்கு நெரிசல்தான்.) விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரே ஒரு நரம்பும் அதன் வழியாகப் போகின்றன. ஓயாத பிடியில் நாண்களின் உறை வீங்கினால் இடமில்லாமல் நசுங்குவது நரம்பு. அந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருகிறது. சுண்டுவிரலுக்கு அது போவதில்லை. ஆகவே இன்றிரவு விழிப்பு வந்தால் எந்த விரல் மரத்திருக்கிறது என்று பாருங்கள். சுண்டுவிரல் தப்பியிருந்தால் மணிக்கட்டைச் சந்தேகியுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் என்றால் முழங்கை, மேசையில் ஊன்றும் பழக்கத்தால் வருவது. கழுத்தைத் திருப்பினால் தோளிலிருந்து மின்னல் போல இறங்கினால் கழுத்து. இரண்டு பாதங்களும் ஒன்றாக எரிந்தால் சர்க்கரையையும் வைட்டமின் பி12 அளவையும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவும் கர்ப்பமும்கூட மணிக்கட்டு நரம்பை நெருக்கும்.

ஆரம்பத்தில் இதற்கு வைத்தியம் மிகச் சிறியது. தூங்கும்போது நாம் அறியாமல் மணிக்கட்டை மடக்குகிறோம், அதனால்தான் இரவில் தொல்லை. மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் மட்டும் ஆறு வாரம் கட்டிக்கொண்டால் பலருக்கு அடங்கிவிடும். நான் அதைத் தவறவிட்டதால் நரம்புப் பரிசோதனை, அறுவை சிகிச்சை என்று போனேன். எறும்பு ஊர்வது அன்றிரவே நின்றது. குழி விழுந்த சதை மட்டும் முழுவதும் திரும்பவில்லை. இப்போது பட்டறையில் பையன்களின் குறட்டுக் கைப்பிடியில் எல்லாம் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறேன், பிடி தடித்தால் விரல் இறுக்கம் குறைகிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கச் சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்கிறார்கள்.

எழுந்து நிற்பது காலுக்கும் வேண்டும். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை செய்யும் என் அத்தை மகள், கீழே உதிர்ந்த பழம் பொறுக்க நாள் முழுவதும் குந்தியே இருந்தாள். மாலை எழுந்தபோது இடது பாதம் மேலே தூக்கவே வரவில்லை, செருப்பு நழுவியது, நடந்தால் பாதம் தரையில் தட்டியது. பக்கவாதம் என்று வீட்டில் அழுகை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு எலும்பைச் சுற்றிப் போகிறது. நெடுநேரம் குந்தினாலோ சம்மணமிட்டாலோ கால்மேல் கால் போட்டாலோ அது நசுங்கும். அவளுக்கு மூன்று மாதத்தில் சரியாயிற்று. அதுவரை பாதத்தைத் தாங்க ஒரு பட்டை கொடுத்தார்கள்.

என் அப்பாவுக்குக் குழித்தறியில் நெசவு வேலை. இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்கியபோது ஒரு மாதம் பாயில் படுக்க வைத்தோம், எழுந்தபோது முன்னைவிட மோசம். அந்த வலிக்கு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுக்கை கூடாது, நடக்க வேண்டும், பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் குறையும் என்று பிறகுதான் தெரிந்தது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலவீனமாவது ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்காதீர்கள், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற பிடிவாதமும் வேண்டாம். புட்டத்தில் இடம் தவறிப் போட்ட ஊசியே கால் நரம்பைக் காயப்படுத்திவிடும். நம் பெரியாஸ்பத்திரியில் எலும்புக்கும் இயன்முறைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள்: தொடையில் லேசாக எண்ணெய் தடவிவிடட்டும், தவறில்லை. கணுக்காலை யாரும் இழுக்க வேண்டாம். கைக்கு மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே.

திருவிழாவுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஒற்றைக் காலில் கண் மூடி நிற்கவும், வலியில்லாமல் அதே காலில் பத்து முறை குதிக்கவும் அதற்குள் வந்துவிட்டால் நடக்கலாம். அதற்கு முன் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை சிறிய இறக்கங்களில் நடந்து பழகுங்கள். ஒருமுறை இறங்கிப் பழகிய தொடை சில வாரங்களுக்கு அவ்வளவாக வலிக்காது. அந்தப் பயிற்சிக்கு நேரமில்லையென்றால் ஏறும்போது மட்டும் நடந்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.