குட்டித் தட்டு பிரெஞ்சுச் சாப்பாடு: அக்காவிடம் கேளுங்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் நாலைந்து ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவைப் பிரெஞ்சு பாணி உணவகத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், அங்கே எல்லாமே சின்னச் சின்னத் தட்டில் வருகிறது. அந்தக் கடிதங்களுக்கு மட்டும் இந்த வாரம் பதில்.

அக்கா, பெங்களூரில் இருக்கும் மகன் எங்கள் கல்யாண நாளுக்கு அப்படி ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனான். ஐந்து பேர் போனோம், ஒரு தட்டில் நாலு துண்டு. யார் எடுப்பது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த தட்டு வர அரை மணி நேரம். ரூமுக்குத் திரும்பும்போது நானும் அவரும் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம், மகனிடம் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் சாப்பிடத் தெரியவில்லையா?
*(வாசகி, பாளையங்கோட்டை)*

இல்லைம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. ஐந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இந்தத் தட்டில் நாலு துண்டுதான் இருக்கும், ஒன்று கூடப் போடச் சொல்லட்டுமா என்று பரிமாறுகிறவர் கேட்டிருக்க வேண்டும். புதுச்சேரியில் எனக்கும் இதேதான் நடந்தது, பசியோடு எழுந்து வந்தேன். அதற்கப்புறம் எங்கே போனாலும் உட்கார்ந்ததும் மூன்று கேள்வி கேட்டுவிடுவேன். ஒரு தட்டில் எத்தனை துண்டு? எங்கள் ஆளுக்கு எத்தனை தட்டு போதும்? எது முதலில் வரும்? பொதுவாக ஆளுக்கு இரண்டு மூன்று தட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஐந்து பேருக்கு பத்துப் பன்னிரண்டு தட்டு ஆகிவிடும். முதலிலேயே மொத்தத்தையும் சொல்லாமல் பாதியைச் சொல்லிவிட்டு, பசியைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லுங்கள். ரொட்டி கட்டாயம் கேளுங்கள், வயிறு நிறைவது அதில்தான்.

தட்டை நடுவில் வைத்து எல்லோரும் பகிர்வது பிரான்ஸில் பழைய வழக்கம் ஒன்றும் இல்லை. அங்கே முறையான சாப்பாட்டில் அவரவருக்குத் தனித் தட்டு, ஆன்த்ரே என்ற முதல் தட்டு, அப்புறம் முக்கியமான தட்டு, பிறகு சீஸ், கடைசியில் இனிப்பு. பகிர்ந்து சாப்பிடும் குட்டித் தட்டு பாரிஸின் சின்ன ஒயின் கடைகளில் சமீப காலத்தில் பரவியது. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் பிரான்ஸில் பெரிய விருந்து என்றால் ஒரு சுற்றுக்கான அத்தனை பதார்த்தத்தையும் நம் பந்தி இலை மாதிரி ஒரே நேரத்தில் மேஜையில் பரப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் வழக்கம் ரஷ்யாவிலிருந்து வந்தது, அதற்கு ரஷ்யப் பரிமாறல் என்றே பெயர். அதனால் "இரண்டு மூன்று தட்டாகச் சேர்த்தே கொண்டுவாங்க" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை, தாராளமாகக் கேளுங்கள்.

தட்டு ஓரத்தில் இருப்பதையும் ஒதுக்காதீர்கள். பாத்தே என்று ஈரலும் இறைச்சியும் அரைத்த கொழுப்பான விழுது வரும், கூடவே விரல் நீளத்தில் புளிப்பான வெள்ளரி ஊறுகாய் இருக்கும். அழகுக்கு வைத்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நம் மறுவீட்டுச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சொதிக்கு இஞ்சிப் பச்சடி எதற்கு? அது இல்லாவிட்டால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடும். அதே கணக்குதான் இங்கேயும். ஒரு துண்டு ரொட்டி, அதன் மேல் கொஞ்சம் விழுது, ஒரு கடி ஊறுகாய், இப்படிச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் அந்தத் தட்டின் ருசியே தெரியும்.

அப்புறம், மகனிடம் சொல்லிவிடுங்கள். உங்களைச் சந்தோஷப்படுத்தத்தானே கூட்டிப் போனான், பசியோடு வந்தீர்கள் என்று தெரிந்தால் அடுத்த தடவை இரண்டு தட்டு கூடச் சொல்லுவான்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மெனுவில் பச்சைப் புள்ளி இருந்தால் போதுமா?
*(வாசகி, தென்காசி)*

புள்ளியைப் பார்த்ததோடு நிற்காமல் வாய்விட்டுக் கேளுங்கள். வெங்காய சூப் என்று போட்டிருக்கும், வழக்கமாக அது மாட்டெலும்பு வேகவைத்த சாற்றில் செய்வது. தாப்பெனாத் என்ற கருப்பு ஆலிவ் துவையலில் நெத்திலி மாதிரி உப்பு மீனை அரைத்திருப்பார்கள். கீஷ் என்ற உப்புப் பலகாரம், சாக்லேட் மூஸ், க்ரெம் ப்ரூலே என்ற இனிப்புகள், இந்த மூன்றிலும் முட்டை உண்டு. சில இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டுத் தோல் எலும்பிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. நிறையப் பேருக்குத் தெரியாதது சீஸ் விஷயம்: பிரான்ஸின் பழைய பாணி சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள். இந்தியாவில் தயாராகும் சீஸ் பெரும்பாலும் அப்படி இல்லை, இறக்குமதி சீஸ் என்றால் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். கத்தரிக்காய், தக்காளி, குடமிளகாய் போட்டு ஆலிவ் எண்ணெயில் வதக்கும் ராட்டட்டூய் உங்களுக்குச் சரியாக இருக்கும். க்ரீமில் உருளைக்கிழங்கை அடுக்கி ஓவனில் வேகவைத்தது ஒன்று வரும், அதுவும் நல்லது, மேலே சீஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையால் சாப்பிடலாமா?
*(வாசகர், அம்பாசமுத்திரம்)*

ரொட்டியைக் கையால்தான் பிய்க்க வேண்டும், கத்தியால் வெட்டுவதில்லை. பிரான்ஸிலேயே அதைத் தட்டில் வைக்காமல் மேஜை விரிப்பின் மேல் வைப்பார்கள், பார்த்து அதிர்ச்சியாக வேண்டாம். தட்டில் மிச்சமிருக்கும் சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது அங்கே வீடுகளில் சாதாரணம். மற்றதற்கு முள்கரண்டி சிரமமாக இருந்தால் ஸ்பூன் கேளுங்கள், தருவார்கள்.

கேட்காமலே ஒரு வாய்க்கு அளவாக ஏதோ வைத்தார்கள், பில்லில் சேருமோ என்று பயந்து தொடவில்லை. கடைசியில் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம் போட்டிருந்தார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
*(வாசகர், வள்ளியூர்)*

அந்த ஒரு வாய்க்கு அம்யூஸ் பூஷ் என்று பெயர், சமையல்காரர் தன் விருப்பத்தில் அனுப்புவது, அதற்குக் காசு இல்லை. அடுத்த தடவை விடாதீர்கள்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யலாம். ஜிஎஸ்டி வேறு, அது கட்டியாக வேண்டும். பரிமாறிய பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொண்டதா? அவர் கையில் நீங்களாகக் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம்.

அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். சென்னைக்கு வரும்போது இப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போக ஆசை. போகலாமா?
*(வாசகர், சங்கரன்கோவில்)*

கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் வீட்டில் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். போகிற வழியில் டிராஃபிக், அங்கே முதல் தட்டு வர இருபது நிமிஷம், அதுவும் இரண்டு கடிதான் என்றால் சர்க்கரை இறங்கிவிடும். அன்றைக்கு எப்போது, எவ்வளவு போடுவது என்று அவர் டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். போனில் மேஜை பதிவு செய்யும்போதே, உட்கார்ந்ததும் ரொட்டியும் ஒரு தட்டும் உடனே வேண்டும் என்று சொல்லிவையுங்கள். இரவை விட மதியம் நல்லது, கூட்டம் குறைவாக இருக்கும், அம்மாவுக்குப் பேசுவதும் காதில் விழும். சங்கரன்கோவிலில் ஏழரைக்குச் சாப்பிட்டுப் பழகியவரை ஒன்பது மணிக்கு உட்கார வைக்காதீர்கள். சர்க்கரை இறங்கினால் உடனே கொடுக்கக் கைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.