ஜெனீவா வேலையும் ஔவை வழக்கும்: அக்காவிடம் கேளுங்கள்

இணையம் எப்படி நடக்க வேண்டும் என்று விதி வகுக்கும் இணையக் கொள்கை வேலைகள் பற்றி மட்டும் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிவிடுவேன்.

அம்பாசமுத்திரம், பி.ஏ. மாணவி: அக்கா, இன்ஜினியரிங் படிக்காமல் இதில் நுழைய முடியுமா?

தாராளமாக. சட்டம், மொழி படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1865-ல் தொடங்கியது. அதன் பொதுச்செயலாளராக ஒரு பெண் தேர்வாக 2022 ஆகிவிட்டது. அந்த டோரீன் போக்டன் மார்ட்டின் படித்ததும் தகவல்தொடர்புக் கொள்கைதான்.

தென்காசி: இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் கூட்டத்துக்குப் போக ஃபெல்லோஷிப் வாங்கித்தர ஒருவர் நாற்பதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதே. விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. தேர்வானால் விமான டிக்கெட்டும் தங்கும் செலவும் அவர்களுடையது.

பாளையங்கோட்டை அண்ணாச்சி: தமிழில் இணைய முகவரி வைக்க விதி எழுதுவதெல்லாம் ஒரு வேலையா தாயி?

அண்ணாச்சி, போனில் 'ஔவை' என்று தட்டுங்கள். அப்புறம் ஒ, ள, வை என்று தனித்தனியாகத் தட்டுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒன்றை ஒரு கடைக்காரர் முகவரியாக வாங்கினால், மற்றதைத் திருடன் வாங்கி அதே கடை மாதிரி பணம் வசூலிக்கலாம். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தானே சொல்ல முடியும்?

இன்னொன்று. பத்தமடையில் பாய் நெய்யும் என் சித்திக்குத் தமிழிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி எடுத்துக் கொடுத்தேன். எந்தப் படிவத்தில் போட்டாலும் 'தவறான முகவரி' என்று சிவப்பாக வந்து நிற்கிறது. படிவம் எழுதியவருக்கு அ முதல் ஃ வரை கண்ணில் படவே இல்லை. "என் பேரே தப்பாட்டி?" என்று சித்தி கேட்டார்.

களக்காடு: பணம் கட்டினால் சீட் உறுதி என்கிறார்களே?

தென்காசிக்குச் சொன்னதைப் படி.

அதே அண்ணாச்சி: 'அவ்வை' என்று எழுதிவிட்டால் தகராறு தீர்ந்ததே!

தீரவில்லை, மூன்றாவது முகவரி முளைத்தது.

சேரன்மகாதேவி: ஔ-வையே எடுத்துவிடலாம், அண்ணாச்சி சொல்வது சரி.

எடுத்தால் ஔவையாரிடம் யார் போய்ச் சொல்வது? எழுத்தைக் குறைப்பது வேறு சண்டை. இருக்கிற எழுத்தால் யாரும் ஏமாறாமல் பார்ப்பதுதான் எங்கள் பாடு.

வள்ளியூர்: வீட்டில் வெளியூர் அனுப்பமாட்டார்கள்.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். மின்னஞ்சல் குழுக்களில் சேரக் கட்டணமும் இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. மூன்று மாதம் சும்மா வாசி, பிறகு ஒரு கேள்வி கேள். என் முதல் இணையவழிக் கூட்டத்தில் வாயைத் திறந்ததும் கரண்ட் போய்விட்டது. அடுத்த வாரம் மிச்சத்தைப் பேசினேன்.

நாங்குநேரி: அக்கா, ஏஜென்ட் நல்லவர்தான், பணம் கொஞ்சம்...

மணி பத்து. கட்டாதே.