ராஞ்ச் வீடு வாங்கும்போது பில்டர் தரும் பிளானில் எதைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் மாடியில்லாத புதிய ராஞ்ச் வீடு வாங்கவிருக்கிறீர்கள்; பில்டரின் பிளானை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சதுர அடியை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அந்தக் கணக்கு பொதுவாக வெளிச்சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து எடுக்கப்படுவது. சுவர்களின் தடிமனும் அதில் அடக்கம். அறைகள் ஒரே தளத்தில் நீண்டு கிடப்பதால் இடைவழிகளும் நிறைய இடத்தை விழுங்கும். அவற்றின் பரப்பைத் தனியே கணக்கிட்டுக் கழித்துப் பாருங்கள்.

விளம்பரப் பிளானில் கட்டில்களைச் சிறிதாக வரைந்திருக்கலாம். குவீன் மெத்தை 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். அதைப் பிளானின் அளவுக்குச் சுருக்கிக் காகிதத்தில் வெட்டி வைத்துப் பாருங்கள். கதவு திறக்கும் வளைவில் இடிக்கிறதா?

நான் மிகவும் வலியுறுத்துவது ஓசையை. மாடி இல்லாத வீட்டில் சத்தத்திலிருந்து தப்பிக்க இன்னொரு தளம் கிடையாது. படுக்கையறையின் தலைமாட்டுச் சுவருக்கு மறுபுறம் டிவியோ, துணி துவைக்கும் இயந்திரமோ, கராஜோ இருந்தால் அந்தப் பிளானை நான் எடுக்கமாட்டேன். இடையில் உடைமாற்றும் அறையோ குளியலறையோ இருந்தால் பெரும் நிம்மதி.

முதுமையிலும் அங்கேயே வாழ நினைத்தால் கதவுகளை அளந்து பாருங்கள். சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 32 அங்குலத் திறப்பு வேண்டும். திறந்து நிற்கும் கதவே கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்வதால் 32 அங்குலக் கதவு அவ்வளவு இடம் தராது, 36 அங்குலக் கதவு தரும். வீட்டின் சட்டகம் எழும் முன்பே அகலமான கதவைக் கேட்டுவிடுங்கள், பிறகு மாற்றச் செலவு அதிகம்.

புள்ளிக்கோட்டில் வரைந்தவை கூடுதல் கட்டணத்துக்குரியவையாக இருக்கலாம். எவையெல்லாம் விலையில் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.