கட்டிய புடவையை விற்கலாமா?

"வங்கி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஓரிரு முறை பயன்படுத்திய வெளிநாட்டு பிராண்டு கைப்பை, டிசைனர் லெஹங்கா, பட்டுப்புடவை எல்லாம் வாங்கி இன்ஸ்டாகிராமில் விற்க ஆசை. கையில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. 'ஊரார் கட்டிக் கழித்ததை விற்றா சம்பாதிக்கணும்?' என்கிறார் மாமியார். இறங்கலாமா?"
– வாசகி, கோவை

தாராளமாக இறங்கலாம். ஆனால் கைப்பையை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அசலா போலியா என்று கண்டுபிடிப்பது கடினம். லூயி வுய்ட்டான், ஷனேல் இரண்டும் 2021 முதல் பைக்குள் சிப் வைக்கின்றன. அதில் இருக்கும் விவரம் அந்த நிறுவனங்களுக்குத்தான் வெளிச்சம். பழைய பைகளில் அடையாள எண் இருக்கும். போலி செய்கிறவர்களும் அதே எண்ணை அச்சடித்து, பில், பெட்டியோடு தருகிறார்கள். போலிச் சரக்கை விற்றால் 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 'எனக்குத் தெரியாது' என்றால், பார்த்துத்தான் வாங்கினேன் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

லெஹங்கா ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது, அடுத்தவருக்குப் பொருந்தாது. அதை வாடகைக்கு விடுவதே நல்லது.

மிச்சம் பட்டுப்புடவை. என்னைக் கேட்டால் உங்கள் கடையே அதுதான். புடவைக்கு அளவுப் பிரச்சினை இல்லை. அசலா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். உடைமைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை எரித்துப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி உருண்டுவிடும். ஜரிகை இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் பெரும்பாலும் நல்ல ஜரிகை. அசல் பட்டு என்று காட்டும் 'சில்க் மார்க்' முத்திரை வந்ததே 2004-இல்தான், அதற்கு முந்தைய புடவையில் அதைத் தேட வேண்டாம்.

அப்புறம், புடவையை முழுக்கப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு, மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும். வெளியே பளபளவென்று இருந்தாலும் அது கட்டுவதற்கு ஆகாது, வாங்காதீர்கள். முந்தானைக் கறை, ஃபால்ஸ் தையல், கறுத்த ஜரிகை இருந்தால் பரவாயில்லை. ஆனால் அதையெல்லாம் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். கறையை மறைத்து விற்ற புடவை மறுவாரமே திரும்பி வரும்.

விலையா? 'பழைய பட்டுப்புடவை வாங்குறது' என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர் ஜரிகையின் வெள்ளிக்குத்தான் காசு கொடுக்கிறார். அதைவிடக் கூடுதலாக, கட்டும் புடவையாகவே விற்றுத்தருகிறேன் என்று நீங்கள் சொன்னால் பலர் தருவார்கள். 2 லட்சத்தையும் சரக்கில் முடக்காதீர்கள். முதல் 20, 30 புடவைகளைக் கமிஷனுக்கு வாங்கி வையுங்கள். விற்ற பிறகு பணம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். சொந்தமாக வாங்கி விற்கும்போது ஆடிட்டரைப் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு செய்தவர் பழைய பொருள் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறை உண்டு. புடவையை வெட்டி கவுனாகத் தைத்து விற்றால் அந்தச் சலுகை கிடைக்காது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். தொட்டுப் பார்த்தே ஜரிகையைச் சொல்லும் தலைமுறை அவருடையது. முதலில் வரும் புடவையை அவர் மடியில் வைத்து, 'இது நல்ல ஜரிகையா அத்தை?' என்று கேளுங்கள்.